அறுபத்தோராம் நாள்

காலை ஏழே காலுக்கு, ஓயெபுவாவில் மழை அளக்கும் ஒர்பாவின் குறுஞ்செய்தி வந்தது. எப்போதும் போல ஊர்ப் பெயர், தேதி, பெய்த மழையின் அளவு. ஓயெபுவா, அக்டோபர் இருபத்தொன்று, பூஜ்யம். யசிந்தா அதைப் பட்டியலில் ஏற்றினாள். திரையில் இருந்த தீவின் வரைபடத்தில், மலைமுதுகின் நடுவே அடர் ஆரஞ்சாக இருந்த ஒரு புள்ளி சிவப்பாக மாறியது. அறுபத்தோரு நாள். குப்பாங் நகரின் அந்தக் காலநிலை நிலையத்தில் பதினோரு ஆண்டுகளாக இந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு ஒரு புள்ளி சிவக்கும்போது நெஞ்சு கனப்பதுதான் வழக்கம். இன்று மாறாக ஒரு நிம்மதி வந்தது. இனி அந்த ஊருக்குத் தண்ணீர் லாரி போகும்.

விதி எளியது. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அது மழை நாள். அன்றோடு மழையில்லா நாட்களின் கணக்கு அழிந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அறுபதைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு விழுந்த வட்டாரங்களுக்குத்தான் மாவட்ட நிர்வாகம் லாரி அனுப்பும். மாவட்டத்தில் லாரிகள் மூன்றே மூன்று. பத்து நாளைக்கு ஒருமுறை நிலையம் வெளியிடும் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அங்கே பங்கு பிரிப்பார்கள். அடுத்த வரைபடம் நாளை காலை பத்து மணிக்குள் போயாக வேண்டும்.

தேநீரை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோதுதான் அவள் கண் சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்துப் புள்ளியில் நின்றது. ஃபாத்துமெத்தான். அதே மலைமுதுகு, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. பச்சையாக இருந்தது. மூன்று நாட்களுக்கு முன், பதினெட்டாம் தேதிக் காலையில், அங்கே மழை அளக்கும் ஹாபெல் கிழவர் மூன்று புள்ளி ஒன்று என்று அனுப்பியிருந்தார். அதற்கு முந்தைய நாள் வரை அந்த ஊரும் ஐம்பத்தேழில்தான் நின்றது. மலையில் மழை ஒரு வீட்டில் பெய்து மறு வீட்டை விட்டுவிடுவது உண்டுதான். ஆனாலும் அவள் பதினேழாம் தேதி மாலையின் செயற்கைக்கோள் படங்களை எடுத்துப் பார்த்தாள். நாலரை மணிக்கு மலையின் மேற்கே ஒரு சின்ன வெள்ளைக் கட்டி. ஐந்து மணிக்கு அது ஓயெபுவாவின் நேர் மேலே. ஐந்தரைக்கு ஃபாத்துமெத்தான் மேலே, கொஞ்சம் கரைந்து.

தேநீர் ஆறியது. அவள் ஹாபெலைக் கூப்பிட்டாள்.

"பெரியவரே, அன்னைக்கி மழை எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?"

"ஓயெபுவா பக்கத்துலேர்ந்துதாம்மா. மொதல்ல அங்க எறக்கிட்டு மிச்சத்தத்தான் எங்களுக்குக் குடுத்துச்சு." அவர் சற்று நிறுத்தினார். "ஏம்மா கேக்குற? நான் தப்பா அளந்துட்டேனா? தப்புன்னா சொல்லிடு, சந்தோஷமா அடிச்சிடறேன்."

"இல்ல பெரியவரே. நீங்க சரியாத்தான் அளந்திருக்கீங்க."

"அதான் வெனையாப் போச்சு. மூணு நாள் பொறுத்திருந்தா லாரி வந்திருக்கும்னு ஊரே பேசுது. ஞாயித்துக்கெழம கோயில்ல எம்பக்கத்துல உக்காந்திருந்தவன் எந்திரிச்சு வேற பெஞ்சுக்குப் போயிட்டான். எம் மருமக கஞ்சி ஊத்தறப்ப, 'உங்க மூணு மில்லியில ஆக்கினது, குடிங்க'ங்குறா."

அவர் சிரிக்க முயன்றார். யசிந்தா அவரிடம் விடைபெற்றாள். வைத்துவிட்டு ஒர்பாவைக் கூப்பிட்டாள். அலைபேசி அணைக்கப்பட்டிருந்தது.

நிலையத் தலைவர் செமுவேல் ரிவு அவள் சொன்னதைக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே கேட்டார். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும் மனிதர். எல்லாவற்றையும் எட்டு மாதத்தால் வகுத்துப் பார்க்கிறவர்.

"அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் 'தரவு இல்ல'ன்னு போட்டுடேன். சாம்பல் கலராயிடும். யாருக்கும் சண்டை கெடையாது."

"சாம்பலுக்கு லாரி போகாது ஐயா."

"பொய்ச் சிவப்புக்குப் போகலாமா?"

ரிவு பெருமூச்சு விட்டார். "ரெண்டு வருஷம் முன்னாடி நடந்தது மறந்துபோச்சா உனக்கு?"

மறக்கவில்லை. அந்த ஜனவரி வறண்டிருக்கும் என்று அவள்தான் முன்னறிவிப்பு எழுதினாள். இரண்டாம் வாரம் கடலில் ஒரு புயல் சுழன்று வந்து மூன்று நாள் கொட்டித் தீர்த்தது. மாவட்டத்தின் பெரிய பாலம் போயிற்று. பருவத்தின் சாயலை மாதங்களுக்கு முன்பே சொல்லலாம், ஒரு புயலைச் சொல்ல முடியாது என்று அவள் விளக்கியதை யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து மாவட்ட அலுவலகங்களில் அவளுக்கு 'பாலத்தம்மா' என்று பெயர். அதன் பிறகுதான் அவர்கள் முன்னறிவிப்புத் தாளை மூடி வைத்துவிட்டு நாள் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். நாள் கணக்கு நடந்து முடிந்ததைச் சொல்வது. அதில் யாரும் ஏமாற முடியாது. அப்படித்தான் நினைத்தார்கள்.

"இப்ப அந்தக் கணக்கும் பொய்னு தெரிஞ்சா, அப்புறம் நம்ம மேப்ப எதுக்கு விரிப்பான்? மீன் பொதியத்தான் எடுப்பான்," என்றார் ரிவு. "போ. நேர்ல போய்ப் பாத்துட்டு வா. நாளைக்குப் பத்து மணிக்கு மாவட்டக் கூட்டம். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பதில் வேணும்."

நிலையத்தின் ஜீப்பை எடுத்துக்கொண்டு எட்டரைக்குக் கிளம்பினாள். சமவெளி முடிந்து மலையேறத் தொடங்கும் இடத்தில் ஆறு குறுக்கிடுகிறது. பெயர்தான் ஆறு. முந்நூறு மீட்டர் அகலத்துக்கு வெறும் கல். நடுவில் நாலைந்து பெண்கள் குழி தோண்டி, ஊறிவரும் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளிக் கேனில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேலே சாலையின் இரு புறமும் எல்லாம் ஒரே நிறம். புல், வேலி, மாடு, மாட்டின் மேல் உட்கார்ந்திருந்த காக்கை கூடச் செம்மண் தூசியில் மங்கியிருந்தது. அவள் பிறந்து வளர்ந்ததும் இதே மலைக்காட்டில்தான். அக்டோபர் இப்படித்தான் இருக்கும். ஆனால் இந்த ஆண்டின் அக்டோபர் ஜூலையிலேயே வந்துவிட்டது என்பதும், டிசம்பர் பாதி வரை போகாது என்பதும் அவளுக்குத் தெரியும். பசிபிக்கின் நடுவே கடல் சூடேறிக் கிடந்தது; அப்படிக் கிடந்தால் இங்கே மழை தள்ளிப்போகும். நான்கு மாதமாக ஒவ்வொரு அறிக்கையின் கடைசிப் பக்கத்திலும் அவள் அதை எழுதி வந்தாள்.

ஓயெபுவாவுக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் ஒரு வளைவு திரும்பியதும் வண்டியை நிறுத்தினாள். சாலையோரப் புளிய மரங்கள் பச்சையாக இருந்தன. அதுவரை வந்த மரங்களில் இலை எது தூசி எது என்று தெரியவில்லை. இங்கே ஒவ்வொரு சிற்றிலையும் தனித்தனியாக, யாரோ கழுவித் துடைத்து வைத்ததுபோல. இறங்கி ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் தூசி ஒட்டவில்லை. செயற்கைக்கோள் பொய் சொல்லியிருக்கலாம் என்று வழி நெடுகிலும் மனதுக்குள் ஒரு ஆசை இருந்ததை அந்தக் கணம்தான் உணர்ந்தாள்.

ஒர்பா வீட்டு முற்றத்தில் இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கணவன் இறந்த பிறகு மகனோடும் மருமகளோடும் இருக்கிறாள். முற்றத்துக்கு நடுவே வேலியடைத்த சின்னச் சதுரத்தில் மழைமானி நின்றது. இடுப்பு உயரக் கம்பத்தின் மேல் தகர உருளை, அடியில் ஒரு குழாய். காலை ஏழு மணிக்குக் குழாயைத் திறந்து, வரும் தண்ணீரை அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்து எழுத வேண்டும். ஏழு ஆண்டுகளாக ஒரு நாள் தவறாமல் எழுதியவள். ஜீப்பைக் கண்டதும் அவள் முகம் ஒரு கணம் இறுகி, பிறகு சிரித்தது. உள்ளே போய், இலைக்குப் பதில் இங்கே மெல்லும் வெற்றிலைக் காயும் பாக்கும் சுண்ணாம்பும் வைத்த கூடையைக் கொண்டுவந்து யசிந்தாவின் முன் நீட்டினாள். யசிந்தா எடுத்து மென்றாள். மெல்லாமல் இந்த மலையில் பேச்சைத் தொடங்க முடியாது.

"போனு ஏன்க்கா அணைஞ்சிருக்கு?"

"சார்ஜ் போட கரண்டு ஏது. வா, உள்ள உக்காரு."

"பதிவேட்ட ஒரு தடவ பாத்துடறேன்."

ஒர்பா எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தாள். ஆகஸ்டிலிருந்து பக்கம் பக்கமாகப் பூஜ்யங்கள். எல்லாம் ஒரே அளவில், கோழி முட்டையைப் போல ஒரு பக்கம் சற்றுச் சரிந்து. யசிந்தா விரலை ஓட்டிக்கொண்டே போனாள். அக்டோபர் பதினெட்டில் விரல் நின்றது. அந்தப் பூஜ்யம் மற்றவற்றைவிடச் சிறியது. பேனா அழுந்தி, தாளின் மறுபக்கத்தில் மேடு தட்டியிருந்தது.

"பதினேழாந்தேதி சாயங்காலம் இங்க பெஞ்சுதாக்கா?"

"காத்து அடிச்சுது."

"வளைவு தாண்டினதும் புளிய மரமெல்லாம் குளிச்ச மாதிரி நிக்குதே."

ஒர்பா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கண்ணு நல்லாத்தான் இருக்கு. கம்ப்யூட்டரப் பாத்துப் பாத்துக் கெட்டுப் போயிருக்கும்னு நெனச்சேன்."

"எவ்வளவு?"

வேலிக்கு அப்பால் யாரோ உரலில் சோளம் இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"மூணு புள்ளி நாலு."

"அந்தத் தண்ணிய என்ன பண்ணுனீங்க?"

"குடிச்சேன்." ஒர்பா வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள். "கொட்ட மனசு வரல. ரெண்டு மடக்கு இல்ல. தொண்டக்குழி நனையறதுக்குள்ள தீந்து போச்சு. அதத்தான் உங்க ஆபீசு மழைங்குது."

யசிந்தா பதிவேட்டை மூடவில்லை. அவள் மடியில் திறந்தபடியே கிடந்தது.

"அன்னைக்கிக் காலையில ஐம்பத்தெட்டு ஆயிருக்கணும்," என்றாள் ஒர்பா. குரலை உயர்த்தவில்லை. "நான் வெரல்விட்டு எண்ணிட்டே இருந்தேன். இன்னும் மூணு நாள். எம் மருமகளுக்கு எட்டு மாசம். காலையில நாலு மைல் எறங்கி, ஊத்துல வரிசையில நின்னு, இருபது லிட்டரத் தலையில வெச்சுக்கிட்டு ஏறி வரா. நான் போறேன்னா முட்டி மடங்கல. அறுபத்தோரு நாளுல அறுபது நாள் எழுதினது உண்மை, தங்கச்சி. ஒரு நாள்தான் பொய். அறுபது உண்மைக்கு வராத லாரி ஒரு பொய்க்கு வருதுன்னா, தப்பு எங்கிட்டயா இருக்கு?"

ஜீப்பில் வரும்போது யசிந்தா தயாரித்து வைத்திருந்தவை எல்லாம் அலுவலக வார்த்தைகள். அவற்றை இந்த முற்றத்தில் வைக்க இடமில்லை. அவளிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான். அதைச் சொல்வது அடிப்பதற்குச் சமம் என்று தெரிந்தே சொன்னாள்.

"ஃபாத்துமெத்தான்லயும் அதே மழைதான்க்கா பெஞ்சுது. ஹாபெல் பெரியவரு எழுதிட்டாரு. மூணு புள்ளி ஒண்ணு."

ஒர்பாவின் கை கூடையில் நின்றது.

"இருக்கறது மூணு லாரி. மலைக்கு ஒண்ணுதான் வரும். அவரு பச்சை, நீங்க சிவப்பு. வண்டி இங்க வரும், அங்க போகாது. ஊருல அவரோட யாரும் பேசறதில்லையாம்."

"எழுதிட்டாரா," என்றாள் ஒர்பா. பிறகு, "கிறுக்குக் கெழவன்," என்றாள். அந்தக் குரல் உடைந்து வந்தது. இருவரும் ஒரே ஆண்டு குப்பாங்கில் பயிற்சிக்கு வந்தவர்கள். குவளையின் கோடுகள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஒர்பா வகுப்பில் விழித்துக்கொண்டிருந்தபோது, ஹாபெல்தான் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். மூன்று நாளும் ஒரே கண்ணாடியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். யசிந்தாதான் அன்று பாடம் எடுத்தவள்.

ஒர்பா பதிவேட்டை வாங்கிக்கொண்டாள். பேனாவைத் தேடி எடுத்தாள். அந்தச் சின்னப் பூஜ்யத்தின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் மூன்று புள்ளி நான்கு என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள். பின்வந்த மூன்று நாட்களைத் தொடவில்லை. அவை உண்மையான பூஜ்யங்கள்.

"நான் எழுதிட்டேன். இப்ப நீ என்ன எழுதப் போற?"

சோளம் இடிக்கும் சத்தம் நின்றிருந்தது. வேலியோரம் மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். "என்ன ஒர்பா, லாரி எப்ப வருதாம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வராது," என்றாள் ஒர்பா. "மழை பெஞ்சிருக்காம்."

கேட்டவள் யசிந்தாவைப் பார்த்துச் சொன்னாள்: "மேகத்த எண்ணத் தெரியுது. கொடத்த எண்ணத் தெரியலையாம்மா உங்களுக்கு?"

யசிந்தாவின் முகம் எரிந்தது. எழுந்து நின்று ஏதோ சொல்லப் போனவளை ஒர்பா கையைப் பிடித்து வட்டக் குடிசைக்குள் இழுத்துப் போனாள். உள்ளே அடுப்புப் புகை. கண் பழகியதும் மேலே பரணில் கட்டித் தொங்கிய சோளக் கதிர்கள் தெரிந்தன. புகையேறிக் கறுத்த விதைக் கதிர்கள். முப்பதுக்கு மேல் இருக்காது.

"இவ்வளவுதான் இருக்கு. இதையாவது சொல்லு. எப்பப் போடறது?"

"டிசம்பர் இருபதுக்கு முன்னாடி போடாதீங்க."

"மொத மழைக்குப் போடலைன்னா ஊரு சிரிக்கும்."

"இந்த வருஷம் மொத மழை பொய் மழைக்கா. நவம்பர்ல ஒரு நாள் வந்து ஆசை காட்டிட்டுப் போயிடும். மொளைச்சது எல்லாம் கருகிடும். எங்கணக்கு அப்படித்தான் சொல்லுது."

"இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்க. இத அந்த லாரிக்காரங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். கேக்கல."

"ஏன் கேக்கல?"

பாலத்தின் கதையைச் சொன்னாள். ஒர்பா புகைக்குள் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். கடைசியில், "ஒரு தடவ சிரிச்சாங்கன்னு வாய மூடிக்கிட்டியா?" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. வெறுமனே கேட்டாள்.

அன்று மாலை மாவட்டத் தலைநகரில் தெரிந்த ஒருவர் வீட்டில் தங்கி, யசிந்தா இரண்டு தாள்கள் தயாரித்தாள். முதல் தாள் விதிப்படி வரைந்த வரைபடம். ஓயெபுவா பச்சை, ஃபாத்துமெத்தான் பச்சை. இரண்டாவது தாளில் நாள் கணக்கு இல்லை. கடந்த தொண்ணூறு நாளில் பெய்த மொத்த மழை, அடுத்த அறுபது நாளுக்கான முன்னறிவிப்பு. அதில் அந்த இரண்டு ஊர்களும், மலைமுதுகின் பெரும்பகுதியும் கருஞ்சிவப்பாக இருந்தன. ரிவுவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"மொதல் தாள்ல நம்ம நெலையத்தோட முத்திரை இருக்கட்டும்," என்றார் அவர். "ரெண்டாவதுல எம்பேரு வேண்டாம்."

"எம்பேர மட்டும் போட்டுக்கறேன் ஐயா."

"அந்தம்மாவ என்ன பண்றது? பொய் எழுதினவள வெச்சுக்க முடியாது."

"அவங்களே திருத்திட்டாங்க. தாமதப் பதிவுன்னு போட்டிருக்கேன்."

"நீயும் கத்துக்கிட்ட," என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். தாமதப் பதிவு என்று தட்டச்சு செய்த இரண்டு சொற்களை யசிந்தா பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் அழுத்தி எழுதிய ஒரு பூஜ்யம்தான் என்று பட்டது. ஆனால் அழிக்கவில்லை.

மறுநாள் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். மாவட்டப் பேரிடர்ப் பிரிவின் தலைவர் யெரேமியாஸ் செலான் நடுவில் இருந்தார். கனத்த உடம்பு, மெல்லிய குரல். முதல் தாளைப் பார்த்து, "நேத்து காலையில ஓயெபுவா சிவப்புன்னு கேள்விப்பட்டேன். ஒரே ராத்திரியில எப்படிப் பச்சை ஆச்சு?" என்றார்.

"பதிவு தாமதமா வந்துது ஐயா."

"நல்லது. ஒரு லாரி மிச்சம். தெற்குக் கரைக்கு அனுப்பலாம்." பேனாவை எடுத்தார்.

யசிந்தா இரண்டாவது தாளை அந்தப் பேனாவுக்கு அடியில் வைத்தாள். பேசத் தொடங்கினாள். தொண்ணூறு நாளில் ஓயெபுவாவில் பெய்தது மொத்தமே ஏழு மில்லிமீட்டர், மூன்று தவணையாக. ஒவ்வொரு தவணையும் கணக்கை அழித்ததே தவிர ஒரு குடத்தை நிறைக்கவில்லை. கடலின் நிலை, காற்றின் போக்கு. பருவமழை குறைந்தது நான்கு வாரம் தாமதமாகும். அவள் பேசி முடிப்பதற்குள் மேசையின் கோடியில் யாரோ மெதுவாக, "பாலத்தக் கட்டி முடிச்சிட்டோம்மா. மறுபடி வறட்சின்னு சொல்லிடாதீங்க," என்றார். சிரிப்பு ஒரு சுற்று வந்தது.

அவள் அது அடங்கும் வரை காத்திருந்தாள். "அன்னைக்கி நான் தப்பாத்தான் சொன்னேன்," என்றாள். "இன்னைக்கும் தப்பா இருக்கலாம். நான் தப்புன்னா ஒரு லாரி ரெண்டு மாசம் வீணா மலை ஏறியிருக்கும். நான் சரின்னு ஆகி நீங்க லாரிய அனுப்பாம இருந்தீங்கன்னா என்ன ஆகும்னு நீங்கதான் சொல்லணும்."

சிரிப்பு திரும்பி வரவில்லை. செலான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. எழுத்தில் இல்லாததை நம்பி ஒருமுறை கெட்டுப்போனவர். "இதுல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்."

"நெலையம்?"

"நான் மட்டும்."

"டிசம்பர் இருபது வரைக்கும் மலையில நல்ல மழை இல்லைன்னு எழுதித் தரீங்க. அப்படித்தானே? நல்ல மழைன்னா எவ்வளவு?"

"பத்து நாள்ல ஐம்பது மில்லிமீட்டர்."

"பத்து நாள் எவன் காத்திருப்பான். ஒரே நாள்ல இருபது. அந்த ரெண்டு ஊருல எதுலயாவது ஒரே நாள்ல இருபது பெஞ்சுதுன்னா அன்னைக்கே வண்டி நிக்கும்."

"ஐயா, ஒரு நாள் இருபது பெஞ்சு அப்புறம் முப்பது நாள் காயலாம். அது—"

"அன்னைக்கே நிக்கும்," என்றார் அவர். "அதோட இன்னொண்ணு. அதுக்கப்புறம் முன்னறிவிப்புன்னு ஒரு தாளும் இந்த மேசைக்கு வரக்கூடாது. ஒத்துக்கிட்டா கையெழுத்துப் போடுங்க."

இருபது என்ற எண் அவளுக்குப் பிடிக்கவில்லை. நவம்பரில் வரும் என்று அவளே சொன்ன பொய் மழை அந்த அளவைத் தொட்டுவிட வாய்ப்பிருந்தது. பதினைந்து சதவீதம், ஒருவேளை இருபது. அதைச் சொன்னால் இந்த மேசையில் எல்லாம் முடிந்துவிடும். மலையில் எட்டு மாத வயிற்றோடு ஒருத்தி இந்நேரம் ஊற்றில் வரிசையில் நிற்பாள். யசிந்தா கையெழுத்துப் போட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து லாரி ஏறியது. ஒரு நாள் ஓயெபுவா, மறுநாள் ஃபாத்துமெத்தான். முதல் வண்டி வந்த அன்று ஹாபெல் கூப்பிட்டு, மருமகள் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்தாள் என்றார். ஒர்பாவின் பேரன் நவம்பர் மூன்றாம் தேதி பிறந்தான். ஒர்பா காலைச் செய்தியில் ஊர், தேதி, பூஜ்யம் என்று எழுதி, அதன் கீழே, இரண்டு கிலோ தொள்ளாயிரம் என்று சேர்த்திருந்தாள்.

யசிந்தா தினமும் கடலைப் பார்த்தாள். திரையில் தீவுக்கு மேற்கே நீளும் நீலத்தை, அதில் அரும்பும் ஒவ்வொரு வெண்மையையும். நவம்பர் பத்தாம் தேதி வாக்கில் வடக்கே எங்கோ ஒரு புயல் உருவாகி, மேற்குக் காற்றை இந்தப் பக்கம் இழுக்கத் தொடங்கியது. பதினொன்றாம் தேதி மேகங்கள் திரண்டன. பன்னிரண்டாம் தேதி நண்பகலில் குப்பாங்கின் சந்தை முழுவதும் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. மீன் விற்கிறவர்கள் கூடச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே நின்றபோது, பெய்யக்கூடாது, இன்று பெய்யக்கூடாது என்று தன் உதடுகள் முணுமுணுப்பதை அவள் கேட்டாள். தண்ணீருக்கு அலைந்த குடும்பத்தில் பிறந்தவள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நிலையத்துக்குத் திரும்பித் திரையின் முன் நின்றபோது, மூன்று மணிக்கு அலைபேசி அடித்தது.

"இங்க இருட்டிட்டு வருது தங்கச்சி," என்றாள் ஒர்பா. பின்னால் காற்றின் இரைச்சல், குழந்தையின் அழுகை. "ஊரே வெதை போடக் குத்துக்கோலத் தூக்கிக்கிட்டுத் தோட்டத்துக்கு ஓடுது. எம் மவனும் பரணுக்கு ஏணி போட்டுட்டான். வெதைய எறக்கவா?"

"எறக்காதீங்கக்கா."

"உறுதியா?"

"எறக்காதீங்க."

ஒர்பா யாரையோ அதட்டினாள். ஏணி சுவரில் உரசும் சத்தம். பிறகு அவள் மறுபடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"சரி. அவன எறங்கச் சொல்லிட்டேன். லாரிக்கு நாளைக்கு எங்க மொறை, இன்னைக்கி இருபது பெஞ்சா வராது. இப்ப ஒண்ணு சொல்லு. நான் பெய்யணும்னு வேண்டிக்கட்டுமா, பெய்யக்கூடாதுன்னு வேண்டிக்கட்டுமா?"

திரையில் வெள்ளை மலைமுதுகைத் தொட்டுவிட்டிருந்தது. யசிந்தா அலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அவள் பதிலுக்காக ஒர்பா காத்திருந்தாலும், அந்த வீட்டில் மற்றவர்கள் காத்திருக்கவில்லை. முற்றத்தில் பாத்திரங்களைப் பரப்பத் தொடங்கிவிட்டார்கள். அண்டா, குண்டான், கேன், தட்டு. காலி உலோகம் தரையில் படும் ஓசை ஒவ்வொன்றாக, மேலும் மேலும் தள்ளிப்போய்க்கொண்டே, அடுத்த வீட்டு முற்றத்திலும் அதற்கடுத்த வீட்டிலும் கேட்டது.